ஒரு சாண் கூடிப்போன வளையம்

இரும்பு கேட் செய்கிறவரிடம் கூடைப்பந்து வளையம் கேட்டால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. உயரம் பத்தடி என்று மகள் சொன்னாள். கேட் வேலையில் சட்டத்தின் உயரம்தான் கணக்கு. அதன் தலையில் பற்றவைக்கும் ஈட்டி முனைகளை யாரும் அளப்பதில்லை. அப்பா கைப்பழக்கத்தில் பத்தடிக்குக் கம்பம் நட்டு, வளையத்தை ஈட்டி முனை மாதிரி அதற்கும் மேலே ஏற்றிவிட்டார். பட்டறை வாசலில் அது ஒரு சாண் கூடுதலாக நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

அவள் பள்ளியிலேயே ‘கொக்கு’ என்று பெயர் வாங்கியவள். அந்தக் கொக்கே அண்ணாந்து எறிய வேண்டியிருந்தது. எறிந்து எறிந்து கை அப்படியே படிந்துவிட்டது.

கல்லூரியில் அவள் ஆடும் நாளில் உட்கார இடம் கிடைக்காது. அவள் எறியும் பந்து கூரையை விசாரித்துவிட்டு நிதானமாக வலைக்குள் இறங்கும். படித்த வருடமெல்லாம் கோப்பை அவர்களுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஏணியோடு வர வேண்டும் என்று கேலி பேசிய அத்தை, முன்வரிசையில் இடம்பிடித்து, “என் தம்பி பொண்ணு” என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டு கிளப் ஒன்று அவளை ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் செய்தது. அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த கல்லூரி கோச்சின் கண்ணில் வாசல் வளையம் பட்டது. டேப் வைத்துப் பார்த்து, ஒரு சாண் கூடுதல் என்று விழுந்து விழுந்து சிரித்தார். மகளும் சிரித்தாள். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அங்கே போனால் அவளே குட்டை. உன் எறி ரொம்ப உயரம், நேரம் பிடிக்கிறது, தாழ்த்து என்றார் புது கோச். மாற்றாவிட்டால் அடுத்த பருவம் இடமில்லை. தாழ்த்தி எறிந்தால், எதிரே நிற்கிறவள் ஈ ஓட்டுகிற மாதிரி தட்டிவிட்டாள். பெஞ்சுதான் கதி. இதையெல்லாம் மகள் போனில் சொன்னாள்.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் பிழைப்பில் மண்ணைப் போட்டது தன் கைதான் என்று தீர்மானித்துவிட்டார். விடிந்ததும் வளையத்தை அறுத்து, அளந்து, சரியான உயரத்தில் பற்றவைத்தார். “வெள்ளம் போன பிறகு அணை கட்டுறீங்க” என்றாள் அம்மா.

பருவத்தின் கடைசி ஆட்டம். அணியில் ஒருத்திக்குக் கால் பிசகியதால் மகளை இறக்கினார்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது பந்து அவள் கைக்கு வந்தது. எதிரே தலைக்கு மேல் இரண்டு நீளக் கைகள். புதிதாகப் படித்ததெல்லாம் மறந்துபோய், கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பந்து அந்த விரல்களுக்கு மேலே ஏறி, நேராக வலைக்குள் விழுந்தது. இனி எதையும் மாற்றாதே என்று கோச்சே சொல்லிவிட்டார்.

பட்டறையில் போனில் இதைப் பார்த்த அப்பா, வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு அழுதார். யாருக்கும் தெரியாது என்று இன்றுவரை நம்புகிறார்.

பல பருவங்கள் ஆடி, அணித்தலைவியும் ஆகி, முதல் முறையாக விடுமுறைக்கு வந்தவள், பையை வைத்த கையோடு, வீட்டு வளையத்தின் பழைய உயரக் கணக்கில் வாசலில் பந்தை எறிந்தாள். பந்து வளையத்தையே தாண்டிப் போய் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

“வளையத்தை என்னப்பா பண்ணீங்க?”

தப்பைத் திருத்திவிட்டதாக அப்பா மெல்லச் சொன்னார்.

“இப்படி எறிய யார் கத்துக்கொடுத்தாங்கன்னு அங்க எல்லாரும் கேக்குறாங்க. எங்கப்பா வச்ச வளையம்னு சொல்லியிருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க.”

அப்பா ஏணியைத் தூக்கிவந்து சாத்தினார். எத்தனை அடியில் வைக்கட்டும் என்று கேட்டார்.

“நீங்க தப்பா வச்சீங்களே, அந்த உயரத்துல.”