முன்வரிசைக் குழாய்களின் உபயதாரர்கள்

சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டியதும் வரும் கட்டடத்துக்குக் 'கச்சேரி மண்டபம்' என்று பெயர். அங்கே கச்சேரி நடந்த நாட்களைவிடக் காதுகுத்து நடந்த நாட்களே அதிகம். 1999இல் அதற்கு வெள்ளிவிழா வந்தது. மல்லேஸ்வரத்துச் சபாக்கள் எதிலும் இல்லாத ஒன்றை இங்கே கொண்டுவர வேண்டும் என்று மண்டபத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் பெருமாள்சாமி தன் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தபடியே முடிவெடுத்தார். எது இல்லை என்று கண்டுபிடிக்கும் வேலை அலெக்சாண்டருக்கு வந்தது. அவன் பி.காம். சங்கத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஒரே ஆள். ஆகவே எல்லாம் தெரிந்தவன்.

அவனிடம் பதில் தயாராகவே இருந்தது. பகலில் கூரியர் ஆபீசில் உறைகளுக்கு முத்திரை குத்தும் அலெக்சாண்டர், ஞாயிறுகளில் மாதாகோயிலில் கீபோர்டு வாசிப்பான். ஒருமுறை கன்டோன்மென்ட்டின் பழைய தேவாலயம் ஒன்றில் பைப் ஆர்கன் கேட்டிருந்தான். கட்டையை அழுத்தினால் ஆளுயரக் குழாய்களுக்குள் காற்று புகுந்து பாடியது. உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்தது. சாவதற்குள் அப்படி ஒன்றைத் தன் கையால் வாசித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். வயது இருபத்தாறு.

பதினோரு பக்கத் திட்டம் எழுதிக்கொண்டு போனான். கமிட்டி ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

"கல்யாணத்துக்கு மேளம் இருக்கு, பேண்டு இருக்கு. இது இன்னாத்துக்குப்பா?" என்றார் மகளிர் அணித் தலைவி ராஜலக்ஷ்மி.

"எழுநூறு குழாய் மேடம்..." என்று இழுத்தான் அலெக்சாண்டர்.

பெருமாள்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுநூறா? ஒவ்வொண்ணுலயும் பேரு போடலாமா தம்பி?"

அந்த மண்டபத்தில் பேர் இல்லாத பொருள் கிடையாது. டியூப் லைட்டில் 'உபயம்' என்று தொடங்கி மூன்று தலைமுறை எழுதியிருக்கும். மிஞ்சிய இடத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வரும். எழுநூறு குழாய் என்றால் எழுநூறு உபயதாரர்கள். பத்தே நிமிடத்தில் பேட்டையே மேற்கத்திய இசைக்கு ரசிகராகிவிட்டது.

அடுத்த வாரம் மண்டபத்தை அளந்து பார்க்க டொமினிக் வந்தான். ஆர்கன் பழுது பார்ப்பவன், அலெக்சாண்டர் வயதுதான். கமிட்டி வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்தான். முன்வரிசைக் குழாய்களை மட்டும் எல்லோரும் அடித்துப் பிடித்துப் பங்கு போட்டிருந்தார்கள்.

"சார், உங்க படத்துல முன்னாடி நிக்கற நாப்பத்தொண்ணும் சும்மா ஷோவுக்குத்தான். சத்தம் உள்ள இருக்கற குழாய்ல இருந்துதான் வரும்."

"உள்ள இருக்கறது ஜனங்களுக்குத் தெரியாதா?" என்றார் பெருமாள்சாமி.

"தெரியாது சார். கேக்கும்."

"கேக்கறதுல எப்படிப்பா பேரு போடறது?"

டொமினிக் படத்தில் விரல் வைத்தான். "நாலாவது குழாய், பெட்டி அம்மாள். யாரு இவங்க?"

"எங்க அம்மா," என்றான் அலெக்சாண்டர். பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பறைகளைப் பெருக்கி அவனைப் படிக்கவைத்தவள். முன்வரிசை ஊமையாக இருக்கலாம் என்பது, ஆர்கன் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் முதல் ஆளாக அங்கேதான் இடம் பிடித்தான். மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க அவனுக்கு என்ன யோக்கியதை?

கமிட்டி அன்றே தீர்ப்புச் சொன்னது. முன்வரிசை மட்டும் போதும். தங்க பெயிண்ட் அடித்துவிடலாம்.

"உள்ள இருக்கறத அடுத்த ஜூபிலிக்குப் பாத்துக்கலாம்," என்றார் பெருமாள்சாமி. "நீ பின்னாடி உக்காந்து உன் கீபோர்டை வாசி, ஸ்பீக்கர் வெச்சுடறோம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி. விழாப் பத்திரிகைல 'ஆர்கன் மேதை அலெக்சாண்டர் பி.காம்.'னு போட்டுடலாம்."

அந்த எழுத்துகளை அம்மா விரலால் தடவிப் பார்ப்பது அலெக்சாண்டரின் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் முழுதாக ஆசைப்பட்டான். பிறகு தீர்மானப் புத்தகத்தை இழுத்து, 'பைப் ஆர்கன்' என்பதை அடித்துவிட்டு, 'ஓசை வராத அலங்காரக் குழாய்கள், நாற்பத்தொன்று' என்று எழுதினான்.

"நான் வாசிக்கல சார். எங்க அம்மா பேரையும் எடுத்துடுங்க."

புரட்சி செய்துவிட்டதாக அவன் நினைத்தான். பெருமாள்சாமி எழுதியதைப் படித்துவிட்டு அவன் முதுகில் தட்டினார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். நாளைக்கு எவனும் ஏமாத்துனீங்கன்னு கேக்க முடியாது பாரு."

"அந்த நாலாவதுல என் மருமகன் பேரு," என்றார் ராஜலக்ஷ்மி. திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

வாசலில் டொமினிக் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமை சும்மாதான இருக்கே? ஒரு சர்ச்சுல ட்யூனிங் இருக்கு. நான் உள்ள ஏறிக் குழாயைச் சரி பண்றப்போ ஒருத்தன் வெளிய கட்டையை அழுத்திப் புடிச்சிருக்கணும். என் ஆளு ஊருக்குப் போயிட்டான்."

சனிக்கிழமை மத்தியானம் அலெக்சாண்டர் ஆர்கன் வாசித்தான். ஆளில்லாத தேவாலயத்தில், ஒரே கட்டையை, விரல் மரத்துப்போகும்வரை. குழாய்களுக்கு நடுவிலிருந்து டொமினிக் கத்தினான்: "எடுக்காதேடா! இன்னும் சுதி சேரல!"

அவன் எடுக்கவில்லை.