பொன்னாடைக்குப் பிறகு கும்மி

மைக்கை நீட்டினால் வாங்காமல் இருக்கத் தெரியாத ஜென்மம் நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன், குரல் கணீரென்று இருக்கும், இங்கிலீஷும் பிரெஞ்சும் ஓரளவு வரும். அதனால் ஊரில் எந்தக் கலைவிழா என்றாலும் தொகுத்து வழங்க என்னைப் பிடித்துவிடுவார்கள். புதுச்சேரியில் விழாவுக்கா பஞ்சம்? பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒன்று, வங்காளிகளுக்கு ஒன்று, மலையாளிகளுக்கு ஒன்று, குஜராத்திகளுக்கு ஒன்று. பிறகு நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று காட்டுவதற்காக எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. இந்தக் கடைசி விழாதான் வருஷா வருஷம் என் பிராணனை வாங்கும்.

வாடகை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கும். வராந்தாவில் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி, உள்ளே மேடையில் கலை நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டும்வரை ஒருவரும் படங்களைப் பார்க்கக் கூடாது. அவர் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. வந்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, வரைந்தவரைப் பக்கத்தில் நிறுத்தி, போட்டோ. படங்களோ, பிரெஞ்சுக்காரத் தெருவின் மஞ்சள் சுவர், சுவரின் மேல் காகிதப்பூ, சுவரோரம் சைக்கிள். அடுத்ததிலும் அதே சுவர், சைக்கிள் மட்டும் இந்தப் பக்கம். நான் பிறந்து வளர்ந்த தெருவில் ஒரு மஞ்சள் சுவரும் கிடையாது. எங்களை யாரும் வரைவதில்லை, அதற்காக நாங்கள் சண்டைக்கும் போனதில்லை.

பிறகு மேடை. சங்கத் தலைவர் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர், நல்ல மனிதர், எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிரெஞ்சில் பேசுவார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் ஒரே நகைச்சுவைக்கு மூன்று கூட்டம் மூன்று தடவை தனித்தனியாகச் சிரிக்கும். அதற்கப்புறம் பொன்னாடை. சங்கத்தின் சார்பாக, ஓவியர்கள் சார்பாக, மண்டபத்தின் சார்பாக, அங்கிருக்கும் ஒவ்வொரு சமூகத்தின் சார்பாக. ஒருவர் போர்த்தினால் இன்னொருவர் விட்டுக்கொடுப்பாரா? அத்தனையையும் அழைக்க வேண்டியது என் வாய்.

இதில் கடைசி நிகழ்ச்சியாக என் அத்தையின் கும்மி இருக்கும். அப்பாவின் தங்கை. எங்கள் தெருவுக்குப் பேர் தந்த மில் மூடுவதற்கு முன் அங்கே நூல் பிரிவில் வேலை செய்தவர், இப்போது ஒரு ஓட்டலில் துண்டும் விரிப்பும் துவைக்கிறார். முட்டிவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார் என்று மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்தார். தெருப்பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வட்டமாக நடந்தால் பேச வசதி, பேச்சு பாட்டானது, பாட்டுக்குக் கை தட்டினால் கும்மி. அவ்வளவுதான். இதைப் போய் விழா அழைப்பிதழில் ‘மறைந்துவரும் நாட்டுப்புறக் கலை’ என்று அச்சடித்திருந்தார்கள். “நாங்க எங்கடி மறைஞ்சோம், மாடியிலதான கீறோம்” என்றார் அத்தை.

முதல் வருஷம் நேரமின்மை காரணமாகக் கும்மி ரத்து. இரண்டாம் வருஷமும் நேரமின்மை காரணமாக ரத்து. இரண்டு தடவையும் அந்த வாக்கியத்தை மைக்கில் சொன்னது நான். புடவை கசங்காமல் நாள் முழுக்க நின்ற பெண்கள் அப்படியே பஸ் ஏறிப் போனார்கள். மூன்றாம் வருஷத்துக்கு முன் அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

“இந்த வருஷமும் மேடை ஏத்தலன்னா செட்டக் கலைச்சிடுவேன் பாப்பா. அவங்கவங்க மாடியில அவங்கவங்க நடந்துக்கட்டும்.”

அவர் சும்மா சொல்லும் ஆள் இல்லை. அந்த நடையும் பாட்டும்தான் அவரை மில்லுக்குப் பிறகு நிமிர்த்தி வைத்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எல்லோரும் ஒரே நிறப் புடவையில் வந்துவிட்டார்கள். ஒருத்தர் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஆயம்மா, டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருத்தர் நோணாங்குப்பம் படகுத்துறையில் சுண்டல் விற்பவர். ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு வருவதென்றால் விளையாட்டா? சமையல்கட்டுப் பக்கத்துக் கதவோரம் நின்றார்கள். வட்டத்தின் நடுவில் வைப்பதற்காக அத்தை வீட்டுக் குத்துவிளக்கையும் துலக்கிக் கொண்டுவந்திருந்தார்கள்.

வழக்கம்போல எல்லாம் இழுத்தது. மதியத்துக்குப் பிறகு அந்தக் கதவு வழியாகவே பெரிய பெரிய பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. சாயங்காலம் அதே மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். மேடை அலங்காரம் செய்பவர்கள் தெர்மாகோல் எழுத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்து, எப்போது இறங்குவீர்கள் என்பதுபோல எங்களையே பார்த்து நின்றார்கள். மண்டப மேனேஜர் முசியேவிடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். முசியே என்னிடம் வந்தார்.

“வேற வழியில்ல மதாம். கும்மிய விட்டுட்டு நன்றியுரைக்குப் போயிடுங்க. அடுத்த வருஷம் முதல் நிகழ்ச்சியா போட்டுடலாம்.”

போன வருஷமும் இதைத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவோரம் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. ரிசப்ஷனுக்குப் பூ அலங்காரம் செய்ய வந்த காண்டிராக்டர், மேடையில் இருக்கும் சிறப்பு விருந்தினரை அடையாளம் கண்டுகொண்டு, எங்கிருந்தோ ஒரு சால்வையோடு விறுவிறுவென்று படியேறினார். அவருக்கும் விழாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முசியே நகர்ந்து இடம் விட்டார். போட்டோகிராபர் ஓடி வந்தார். அவசரப்பட்ட மேனேஜரே பேசாமல் கைதட்டினார். நேரமில்லை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எந்த நிகழ்ச்சியையும் நிறுத்தலாம், பொன்னாடையை நிறுத்த மட்டும் இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

மேஜைமேல் குவிந்துகிடந்த சால்வைகளில் ஒன்றை உருவிக்கொண்டு கதவோரம் போனேன். அத்தை கையில் திணித்தேன்.

“போர்த்திட்டு எறங்காதீங்க.”

“எறங்கச் சொன்னா?”

“கையத் தட்டுங்க.”

திரும்பி வந்து மைக்கைப் பிடித்தேன். “நமது சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்ய, மில் தெரு மகளிர் அனைவரையும் மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்.” முசியே என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

பெண்கள் ஏறினார்கள். அத்தை சால்வையைப் போர்த்தினார். விருந்தினர் கும்பிட்டார், போட்டோ எடுத்தார்கள். அவர் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் சுற்றிலும் வட்டம் கட்டியாகிவிட்டது. விளக்கு கதவோரமே நின்றுவிட்டது, விளக்கின் இடத்தில் அவர் நின்றார். அத்தை எடுத்தார்:

வெள்ளத் துண்டு வெளுத்து வெச்சேன் – அதுல
வெளியூரான் மூஞ்சி தொடச்சான்
வீட்டுக்கு வந்து நான் மூஞ்சி தொடைக்க
வெறுங்கைதான் மிச்சமடி

மைக் தேவைப்படவில்லை. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். தெர்மாகோல் எழுத்தைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நடுவில் இருந்தவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், கும்பிட்ட கையோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நன்றியுரையை மறந்துவிட்டு நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் புலம்பப்போகிறேன். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. ‘சிறப்பு விருந்தினரைச் சூழ்ந்து கும்மி.’ ஊரே பேசியது. இந்த வருஷம் முசியே அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். சொன்ன வாக்கு தவறவில்லை, கும்மிதான் முதல் நிகழ்ச்சி. ஆனால் அச்சடித்திருந்தது, ‘சிறப்பு விருந்தினரை நடுவில் நிறுத்தி வரவேற்புக் கும்மி.’ புதிதாக வரப்போகிறவர் போட்டோவைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று கேட்டாராம். துண்டுப் பாட்டு வேண்டாம், அவரை வரவேற்றுப் பாடினால் போதுமாம்.

மூன்று வருஷம் அலைந்து வாங்கிய மேடை. அதிலும் நடுவில் ஓர் ஆள். அழைப்பிதழைக் கிழிக்காத குறையாக அத்தை வீட்டு மாடிக்கு ஏறினேன். நடந்துகொண்டிருந்தார்கள். நான் கத்தித் தீர்க்கும்வரை அத்தை நிற்கவே இல்லை, நானும் கூடவே சுற்றிச் சுற்றிக் கத்த வேண்டியிருந்தது.

“மொத நிகழ்ச்சிதான?” என்றார்.

“ஆமாம். ஆனா...”

“பாட்டு நாங்க கட்டுறது. அதுல அவரு இன்னா சொல்றது? துண்டுப் பாட்டுதான் பாடுவோம். அந்த ஆளு நடுவுல நிப்பாரில்ல?”

“நிப்பாரு.”

“நாங்க முடிக்காம எறங்க முடியாதில்ல?”

“எப்படி எறங்குவாரு? சுத்தி நீங்க இருக்கீங்களே.”

அத்தை முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

“அப்ப பாட்ட இன்னும் நீட்டிக்கறேன். நம்மள ரெண்டு வருஷம் கதவோரம் நிக்க வெச்சாங்க பாப்பா. அவரும் செத்த நேரம் நிக்கட்டும்.”