விளக்கு வெளிச்சத்தில் அரை வோல்ட்

ஷியூமான் அக்காவுக்குச் சாமி, சடங்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. தைவானில், எங்கள் ஷின்சு ஆய்வகத்தில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இருக்கிறவரை இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும்; பிரித்துத் தின்றால் தொலைந்தது. "பொரியை நம்பியாடா சர்க்யூட் ஓடுது?" என்று எங்களைக் கிண்டல் செய்வார். அவரே ஒன்று வாங்கி வந்தார் என்றால் எந்த நிலையில் இருந்திருக்க வேண்டும்!

காது கேட்க உதவும் கருவிக்காக அக்கா வடிவமைத்த சிப் அது. பொத்தான் பேட்டரி தருகிற கொஞ்சூண்டு மின்னழுத்தத்தில், வெயிலானாலும் குளிரானாலும் அரை வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். அதை அளவுகோலாக வைத்துத்தான் கருவியில் மற்றதெல்லாம் ஓடும். சூட்டில் இறங்குகிற அழுத்தம் ஒன்று, ஏறுகிற அழுத்தம் ஒன்று. இரண்டையும் கூட்டி அசையாத ஒன்றை எடுப்பதுதான் அக்காவின் வித்தை. மிச்ச வித்தியாசத்தைச் சரிசெய்ய, சிப்புக்குள் மெல்லிய கம்பிகள் வைத்திருந்தார். வேண்டியதை எரித்தால் அளவு நகரும். எரித்தது திரும்ப ஒட்டாது.

ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. மேலாளர் கோவ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. தேறலைன்னா இந்தப் பிரிவே கிடையாது. நீங்களும்தான்." ஐம்பது வயதை நெருங்குகிற அக்காவை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

அன்று அக்கா தன் பொட்டலத்தை நுண்ணோக்கியின் விளக்குப் பெட்டியில் சாய்த்து வைத்தார். "சிரிக்காதடா ஜுன்யாவ்" என்றார் என்னிடம். நான் சிரிக்கவில்லை. இன்னும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாத சிப்புகளின்மேல் ஊசி முனையை இறக்கி அளந்தோம், எரித்தோம். ஒவ்வொன்றும் அரை வோல்ட்டில் போய் நின்றது. சூடாக்கினோம், குளிர வைத்தோம். அசையவே இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் மொத்தச் சிப்பையும் எரித்து முடித்தோம்.

கறுப்புப் பிளாஸ்டிக்கில் மூடி வந்தபோது ஒன்றுகூட அரை வோல்ட்டில் இல்லை.

மூடாத சிப்பில் வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரத்தைக் கிளப்பிவிடும். அதனால் அளக்கும் முன் விளக்கை அணைப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். சுவிட்ச் கண்ணில் பட்டால்தானே கை போகும்? பாழாய்ப்போன பொட்டலம் அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வெளிச்சத்துக்குத் தோதாக எல்லாவற்றையும் எரித்துத் தள்ளியிருக்கிறோம்.

அக்கா விடவில்லை. ஒரு சிப்பின் பிளாஸ்டிக்கை அமிலத்தில் கரைத்து எடுத்து, கோவ் முன்னால் விளக்கைப் போட்டுக் காட்டினார். அரை வோல்ட், அச்சு அசலாக.

"பாருங்க சார், சர்க்யூட்ல தப்பே இல்ல. இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கலாம் சார்."

"அப்ப காதுக்குள்ள ஆளுக்கொரு விளக்கு வெச்சுக்கச் சொல்லலாமா?" என்றார் கோவ்.

கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சண்டாளர்கள்.

மேசையைக் காலி செய்துவிட்டு அக்கா ஆய்வகத்துக்கு வந்தார். நேராகப் போய்ப் பொட்டலத்தை எடுத்தார்.

"அக்கா, பிரிக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"இனிமே என்னடா கெடப்போகுது?"

கிழித்தார். முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்றார். கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்தது. பிறகு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.