ஒருவருக்கு மட்டும் விசா

முசரவாக்கத்தில் பயிர் வைக்கும் பழனிக்கும் மனைவி கிருஷ்ணவேணிக்கும் கனடா போக விசா மறுக்கப்பட்டது. அங்கே பிரசவத்துக்குக் காத்திருந்த மகள் ஜீவிதா, வீடியோ காலில் காரணத்தைப் படித்துச் சொன்னாள். இவர்கள் ஊர் திரும்புவார்கள் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லையாம்.

"மறுபடியும் போடலாம்பா. இந்த வாட்டி கழனிப் பட்டாவையும் சேத்து வைக்கலாம்."

பழனி போனைத் தன் பக்கம் திருப்பினார். "அம்மாவுக்கு மட்டும் போடும்மா. புருஷன் இங்க இருந்தா, அவ திரும்பி வருவான்னு நம்புவாங்க இல்ல?"

"உனக்குக் குழந்தையப் பாக்க வேணாமாப்பா?"

"போன்ல பாத்துக்கறேன்."

இந்த முறை விசா கிடைத்தது. விமான நிலையத்தில் கிருஷ்ணவேணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். பழனி தனியாகப் பஸ் ஏறி ஊர் வந்தார்.

பேத்தி பிறந்தாள். அவர் போனில் கூப்பிடும்போதெல்லாம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார்.

"நீ ஏம்பா போவல?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"எனக்குக் கிடைக்கலபா."

இரண்டாவது முறை தனக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று சொன்னால், அப்பாவை விட்டுவிட்டாள் என்று மகளைத்தான் பேசுவார்கள். பழனி டீயைக் குடித்து முடித்தார். வீட்டில் பேச ஆளில்லை. வேலை எதுவும் இல்லாவிட்டாலும் கழனிப் பக்கம் நடந்தார்.