நோர்ஜ்மாவின் களிமண் தரை

வண்டி நின்றதும் நோர்ஜ்மா குனிந்து முன் டயரின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவல், உள்ளிருந்து வெளியே ஒரு தடவல். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால், சக்கரம் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது என்று பொருள். அதன் பிறகுதான் ஓட்டி வந்தவனின் முகம் அவள் கண்ணில் படும். மங்கோலியப் புல்வெளியில் இருக்கும் எங்கள் ஊரில் ஆடு சுகமா, குதிரை சுகமா, புல் எப்படி என்று கேட்காமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. அவளும் கேட்பாள், கடைசியில், கையைத் துடைத்துக்கொண்டே.

வயது நாற்பத்தெட்டு. அவளுடைய மெக்கானிக் கடை என்பது ஊர்க் கோடியில் கிடக்கும் துருப்பிடித்த பெரிய இரும்புச் சரக்குப் பெட்டி. இடது கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு காய்ந்த தயிர்க்கட்டியை ஒதுக்கியிருப்பாள். அது கரையும்வரை பதில் வராது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. நாற்பது வருடமாகச் செவிலியாக இருப்பவள் என்ற உரிமையில் நான் மாத்திரை கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "மாத்திரை வேலை செய்யுதுக்கா. நானும் வேலை செய்யறேனே, அதான் தகராறு" என்றாள்.

உலான்பாத்தரில் வீல் அலைன்மென்ட் பார்க்கக் கணினி வைத்திருக்கிறார்கள். இவளிடம் இருப்பது ஒரு மரக்கோல், சாக்கட்டி, பெட்டிக்குப் பின்னால் முப்பது அடி நீளக் களிமண் தரை. தினமும் காலையில் அதில் நீர் தெளித்துப் பலகையால் இழுத்துச் சமன் செய்கிறாள். அதில் ஆடு நடந்தால் கல் பறக்கும். ஊர்த் தலைவர் நடந்தால் வசவு பறக்கும். வேலை முடிந்த வண்டி அதன் மேல் பின்னோக்கித்தான் போக வேண்டும். முன்னோக்கிப் போனால் முன் சக்கரத்தின் தடத்தைப் பின் சக்கரம் மிதித்து அழித்துவிடும். பின்னோக்கிப் போனால் முன் சக்கரம் கடைசியாகக் கடக்கும், அதன் தடம் மேலே நிற்கும். சக்கரம் கோணலாக இருந்தால் தடத்தின் ஓரத்தில் மண் பிதுங்கி வரப்புக் கட்டும். புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் முறை வரும்போது சிரிப்பதில்லை.

இந்த வசந்தத்தில் எங்கள் மருத்துவமனை ஜீப் அவளிடம் வந்தது. ஓட்டுநர் பூரெவுக்கு முப்பது வயது. போன கோடையில் ஆற்றின் நடுவே இன்ஜினில் நீர் புகுந்து, காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையை அவன் தோளில் சுமந்து கரையேறினான். குழந்தை பிழைத்தது. அவனுக்குத்தான் அந்த ஆறு மனதை விட்டுப் போகவில்லை. குளிர்காலத்தில் தானே அடியில் படுத்து, முன்பக்கத்து போல்ட்டுகளை முறுக்கி, பின்பக்கம் கட்டை வைத்து, ஜீப்பை ஆறு விரல் உயர்த்திவிட்டான். ஊரிலேயே உயரமான வண்டி என்று அதற்குப் பெயர். நான்கே மாதத்தில் புது டயர்களின் உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரிந்தது. அடுத்த டயர்கள் இலையுதிர் காலத்தில்தான் வரும். அதற்குள் ஏழு பெண்களை மாகாண மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலாமவள் சர்னாய். தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. இருநூறு கிலோமீட்டர். அவளை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அதனால் அவளையும் ஏற்றிக்கொண்டே கடைக்கு வந்தோம்.

நோர்ஜ்மா முன் டயரைத் தடவினாள். பின் டயரைத் தடவினாள். தயிர்க்கட்டி கரையக் காத்திருந்தோம்.

"வெளிப்பக்கம் மாப்பிள்ளை, உள்பக்கம் மொட்டை. நாலும் ஒரே மாதிரி. முன்னாடி இருந்ததைப் பின்னாடி மாத்தினியா?"

"தேய்மானம் பரவட்டும்னு மாத்தினேன் அக்கா."

"ரெண்டோட போக வேண்டியதை நாலுக்கும் பங்கு வச்சிருக்கே. ரொம்ப நியாயஸ்தன்டா நீ."

மரக்கோலால் அளந்தாள். முன் சக்கரங்களுக்கிடையே முன்புறத்து இடைவெளி பின்புறத்தைவிட ஒரு விரற்கடை அதிகம். கைக்குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கினால் கால்கள் விரிகிற மாதிரிதான். வண்டியை உயர்த்தினால் சக்கரங்களும் வெளியே பார்க்கும். விரிந்தபடியே ஓடினால் உள்விளிம்பு தேயும்.

"வாத்து நடை நடக்குது" என்றாள்.

ஜீப்புக்குள் படுத்திருந்த சர்னாய் எட்டிப் பார்த்தாள். "என்னை மாதிரியா அக்கா?"

"உனக்குப் பத்து நாள்ல சரியாயிடும். இதுக்கு நான் படுக்கணும்."

சர்னாய் இறங்கப் போனாள். நோர்ஜ்மா விடவில்லை. காலி வண்டியை அளந்தால் காலி வண்டிக்குத்தான் சரியாக வரும், பாரம் ஏறியதும் சக்கரம் வேறு பக்கம் பார்க்கும் என்பது அவள் கட்சி. ஆகவே பயணம் போகிற அத்தனையும் ஏற வேண்டும். சர்னாய், அவள் மாமியார், கூடப் போகும் செவிலி, ஆக்சிஜன் உருளை, மாகாணத்து உறவினருக்கான முழு ஆட்டிறைச்சி. பூரெவ் ஸ்பானர் பிடிக்க வேண்டியிருந்ததால் அவன் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ஏறுங்கக்கா. அவன் எடை இருப்பீங்க."

ஏறினேன். ஒரு கிலோகூட வித்தியாசம் இருக்காது என்பதுதான் எரிச்சல்.

அடியிலிருந்து அவள் குரல் வந்தது. ஸ்டீயரிங் தண்டுகளை இன்னும் நீட்டினால் சக்கரம் நேராகும். ஆனால் இந்த உயரத்தில் மரை முடிந்துவிட்டது, நீட்ட இடமில்லை.

"மூணு விரல் இறக்கணும் தம்பி."

பூரெவ் ஸ்பானரைக் கீழே வைத்தான். "இறக்கினா ஆத்துல தண்ணி ஏறும்."

"இறக்கலைன்னா பாதி வழியில டயர் வெடிக்கும்."

"டயர் வெடிச்சா மாத்திக்குவேன். ஆறு மாத்த விடாதுக்கா."

"ஸ்டெப்னி எத்தனை வச்சிருக்கே?"

"ஒண்ணு."

"அதுவும் மொட்டையா?"

அவன் ஜீப்பின் கதவுப் பக்கம் திரும்பினான். அந்தக் கதவில், போன கோடையில் சேறு படிந்து நின்ற உயரத்தில், அவன் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நோர்ஜ்மா அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, அவனும் அந்தக் கோடும் தெரியும் இடத்தில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இது பனி உருகுற மாசம். இந்த வருஷம் ஆறு உன் ஆறு விரலுக்கும் அடங்காது. பாலத்து வழியாப் போ."

"நாற்பது கிலோமீட்டர் சுத்து. வலி எடுத்துட்டா?"

அது என்னிடம் கேட்ட கேள்வி. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே திரும்பி சர்னாயின் வயிற்றில் கை வைத்தேன். இறுக்கம் இல்லை. நாடி சீராக இருந்தது. "இப்போ கிளம்பினா சுத்து தாங்கும். இங்கேயே நின்னு பேசிக்கிட்டிருந்தா தாங்காது" என்றேன்.

"என் முதுகும் தாங்காது" என்றாள் மாமியார்.

பூரெவ் குனிந்து ஸ்பானரை எடுத்தான். போல்ட்டை அவனே தளர்த்தினான். நோர்ஜ்மா விரலை வைத்து அளந்து, மூன்று விரலில் நிறுத்தச் சொன்னாள். பின்பக்கத்துக் கட்டைகளையும் மெலிதாக்கினார்கள். தண்டுகளை இரு பக்கமும் சமமாகத் திருகி நீட்டினாள். மரக்கோல் முன்னும் பின்னும் ஒரே கோட்டில் நின்றது. நூல் அதிகம் தெரிந்த டயர்கள் பின்னால் போயின, கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தவை முன்னால் வந்தன. உள்விளிம்பில் சாக்கட்டியால் வெள்ளை பூசினாள். போகிற வழியில் சாக்கட்டி எப்படி அழிகிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. சர்னாய் பாதி நேரம் தூங்கினாள்.

நான் இறங்க, பூரெவ் ஏறினான். ஜீப் களிமண் மேல் பின்னோக்கி மெல்லக் கடந்து, தடம் பார்க்கும்வரை நிற்க நேரமில்லாமல் அப்படியே திரும்பி, பாலத்துப் பாதையில் தூசி கிளப்பிப் போயிற்று. ஆற்றுப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு கணம் தயங்கியதையும் பார்த்தேன்.

பயணம் நல்லபடி முடிய, போகிற வண்டிக்குப் பின்னால் பால் தெளிப்பது எங்கள் வழக்கம். சர்னாயின் மாமியார் பால் வாளியையும் மரக்கரண்டியையும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒரு கரண்டி முகந்து கையை ஓங்கினேன். மணிக்கட்டை நோர்ஜ்மா பிடித்துக்கொண்டாள்.

"தடத்துல ஊத்திடாதீங்க. இருங்க."

மண்டியிட்டாள். பிறகு முழுதாகப் படுத்து, கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடது தடத்தைக் கடைசிவரை பார்த்தாள். எழுந்து வலது தடத்துக்குப் போனாள். விரல் நுனியால் ஓரத்தை நீளமாகத் தடவினாள். வரப்பு எங்கும் இல்லை. தூசி குன்றைத் தாண்டி மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

எழுந்து வந்தாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கவில்லை. வாளியையே வாங்கி, அந்த இரண்டு தடங்களின் மேலும் நடந்துகொண்டே பால் முழுவதையும் ஊற்றினாள்.