டெங்கு கிட்டும் என் கையும்

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு, டெங்கு டெஸ்ட் கிட் விற்பவர் இன்று மறுபடியும் வந்தார்.

சில மாதங்களுக்கு முன் அவருடைய கிட், பிரம்மதேசத்துப் பெண் ஒருவருக்கு டெங்கு இல்லை என்று காட்டியது. விழுப்புரத்தில் எலிசா என்ற துல்லியமான ரத்த டெஸ்ட் எடுத்ததில் டெங்கு உறுதியானது. கிட் விற்றவரோ என் முதலாளியிடம், "கிட்டு நல்ல கிட்டுங்க. டெஸ்ட் எடுத்த உங்க லேப் அம்மாவுக்குதான் கை சரியில்ல" என்றார். முதலாளி பேஷண்டுகள் முன்னால் என்னைத் திட்டினார்.

இன்று ஆள் இளைத்திருந்தார். "எனக்கே டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேன் மேடம். போன வாரம்தான் எழுந்தேன்."

"அப்ப உங்க ரத்தத்துல டெங்கு ஆன்டிபாடி இன்னும் இருக்கணுமே, உங்க கிட்டு அதத்தான பாக்குது. கையக் குடுங்க சார்" என்றேன்.

முதலாளியைக் கூப்பிட்டு நிற்கவைத்து, விற்க வந்தவருடைய பையிலிருந்தே மூன்று கிட் எடுத்தேன். மூன்று விரலில் குத்தினேன்.

இருபது நிமிடம் காத்திருந்தோம். மூன்றும் டெங்கு இல்லை என்றன.

முதலாளி கேட்டார்: "அப்ப பத்து நாள் எதுக்குங்க படுத்துக்கினு இருந்தீங்க?"

கிட் விற்பவர் விரல்களில் பஞ்சைப் பிடித்துக்கொண்டே பையை மூடினார்.

ஒரு விரல் ரத்தமே மூன்று கிட்டுக்கும் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை சரியில்லாதவளிடம் கையை நீட்டினால் வேறென்ன நடக்கும், நீங்களே சொல்லுங்கள்.