ஒப்புக்குச் சப்பாணிக்கும் ஒரு விதி

என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. ஒரு டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திய விரல் அது. கொலை ஒன்றும் செய்துவிடவில்லைதான். ஆனால் ஐந்து வயசுக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது அழுத்தியது.

தொண்ணூறுகளின் நடுவில் லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் காலனியின் சமுதாயக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குழந்தைகளுக்கு நான் அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் டெல்லியில் பிறந்த வாண்டுகள். அம்மா தமிழில் திட்டினால் இந்தியில் பதில் சொல்கிற ரகம். வெறும் அ, ஆவுக்கு எந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எழுந்து வரும்? அதனால் முதல் அரை மணி நேரம் விளையாட்டு என்று வைத்தேன். பாட்டு ஓடும்வரை நாற்காலிகளைச் சுற்றி ஓடி, நின்றதும் உட்காருகிற மியூசிக்கல் சேர்தான் அவர்களுக்கு உயிர்.

பாட்டை நிறுத்துகிறவள் நான். மூன்றாவது வாரமே என் மேல் புகார் வந்துவிட்டது. என் பையனும் அந்தக் கும்பலில் ஒருவன். அவன் நாற்காலிக்கு நேரே வரும்போது பார்த்து நிறுத்துகிறேனாம். சொன்னவள் கீழ் வீட்டு டிரைவரின் மகள். ஐந்து வயசு, எண்ணெய் வழிகிற இரட்டைப் பின்னல். உண்மையைச் சொன்னால், நான் அப்படிச் செய்திருக்கவும் கூடும். பெற்ற மனம் பித்து. என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டேன்.

"ஆன்ட்டி, மூஞ்சி திவார் பக்கம்" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் விதி. நிறுத்துகிறவர் சுவரில் மூக்கு ஒட்டும்படி நிற்க வேண்டும். அந்தக் கூடத்துச் சுவர் தொட்டாலே சுண்ணாம்பு உதிரும். ஆட்டம் முடிந்ததும் அவள் என்னைக் குனியச் சொல்லி, மூக்கு நுனியில் வெள்ளை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அவளுக்கும் அதே கண்டிப்புதான். மற்றதுகள் அவுட் ஆனால் காலை உதைத்துக்கொண்டு வாதாடும். இவள் இடம் கிடைக்காத நொடியே, யாரும் சொல்லாமல், சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். நான் கற்றுக்கொடுத்தது என்று வேறு நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் யாருடைய தம்பியோ, மூன்று வயசு, தானும் ஆட வேண்டும் என்று அழுதான். ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வார்த்தை அவர்களுக்குப் புரியவில்லை. விளக்கியதும், ஓ, கச்சா நிம்பூ என்றார்கள். நமக்குச் சப்பாணி, டெல்லிப் பிள்ளைகளுக்குப் பழுக்காத எலுமிச்சை. கூட ஓடலாம், அவுட் கிடையாது. உடனே டிரைவர் மகள் மிச்ச விதியையும் சொல்லிவிட்டாள். அவுட் இல்லாதவனுக்கு ஜெயிப்பும் கிடையாது. எந்த ஊர் ஒப்புக்குச் சப்பாணிக்கும் அதுதானே விதி.

அந்த வருஷப் பொங்கல் விழாவுக்குக் காலனித் தமிழ்ச் சங்கச் செயலாளர் என் கணவருடைய அலுவலகத்துப் பெரிய அதிகாரியைத் தலைமை தாங்கப் பிடித்துவிட்டார். இந்தச் செயலாளர் அதிகாரிகளின் கார் கதவைத் திறப்பதற்கென்றே முதுகெலும்பை ரப்பரில் செய்துகொண்டு பிறந்தவர். எங்களுக்கு அப்போது நேரம் சரியில்லை. என் கணவரைக் கௌஹாத்திக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அந்த ஃபைல் அதே அதிகாரியின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பையனின் படிப்பை நடு வருஷத்தில் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் அங்கே, நாங்கள் இங்கே. இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. விழாவுக்கு முந்தின நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கரும்பு வாங்கும்போது, அதிகாரியின் பேரனும் விளையாட வருகிறானாம், கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார் என் கணவர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கரும்பைப் பார்த்துச் சொன்னார்.

பேரனுக்கு ஆறு வயசு இருக்கும். டிரைவர் மகளைவிட ஒரு சாண் உயரம். முதல் சுற்றிலேயே இடம் கிடைக்காமல் நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் ஓடிவந்து அவனைத் தூக்கி மறுபடி வரிசையில் விட்டார். குழந்தைதானே, ஒப்புக்குச் சப்பாணியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சரி என்றேன். பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். அதில் தப்பில்லை. அடுத்த சுற்றில் அவன் ஒரு சிறுமியை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தான். சுற்றி நின்ற பெரியவர்கள் ஸ்மார்ட் பாய் என்று கைதட்டினார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள், மீசை நரைத்தவர்கள். விழுந்த சிறுமியின் அப்பாவும் கைதட்டினார். இவர்களில் நான் சேர்த்தியில்லை என்று அந்த நிமிஷம்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மிஞ்சியது ஒரு நாற்காலி, டிரைவர் மகள், அந்தப் பையன். எங்கள் விதிப்படி ஆட்டம் அப்போதே முடிந்துவிட்டது. ஒப்புக்குச் சப்பாணியைக் கழித்தால் அவள் ஒருத்திதான் பாக்கி. அவள்தான் ஜெயித்தவள். அது அவளுக்கும் தெரியும். நான் சொல்வதற்காக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயெல்லாம் பல்.

"கடைசி ரவுண்ட் மேடம், பாத்துப் பண்ணுங்க" என்றார் செயலாளர்.

நான் பாட்டைப் போட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். ஆன்ட்டி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, ஓட ஆரம்பித்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் நாற்காலிக்குப் பின்பக்கம் போகும்வரை, அவன் முன்பக்கம் வரும்வரை காத்திருந்தேன். பிறகு அழுத்தினேன்.

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. என் மூக்கைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

பரிசு கொடுக்க அதிகாரியைத் தேடினால், ஆள் கூடத்திலேயே இல்லை. வெளியே வெயிலில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு நின்று, பனிமூட்டத்தில் ரயில்கள் தாமதமாவதைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, என்ன போட்டி என்று கேட்டுவிட்டு, ஸ்கெட்ச் பேனா டப்பாவைப் பேரன் கையில் கொடுத்தார். நான் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. கேட்காத மனிதருக்கு நான் ஒரு குழந்தையின் ஜெயிப்பைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். செயலாளரை ரப்பர் என்று சொன்னேனே, அவராவது நாலு பேர் பார்க்க வளைந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லி இரண்டு வடை அதிகம் சாப்பிட்டார். நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். மாற்றல் பிற்பாடு நின்றுபோனது. அஸ்ஸாம்காரர் ஒருவர் சொந்த ஊர்ப் பக்கம் போக வேண்டும் என்று தானே எழுதிக் கேட்டிருந்தாராம், அதுவும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே. நான் அழுத்தியதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. சீ என்று ஆகிவிட்டது. விலை போனதுதான் போனேன், வாங்க ஆளில்லாத சந்தையிலா போக வேண்டும்?

விழாவுக்கு அடுத்த ஞாயிறு அவள் வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. வந்தால் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். ஆன்ட்டி பண்ணினது தப்பு. மூன்றே வார்த்தைகள். எல்லாருக்கும் முன்னால் அவள்தான் வந்தாள். இன்றைக்குத் தானே பாட்டை நிறுத்துவதாகச் சொன்னாள். நான் வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு டேப் ரெக்கார்டரை அவளிடம் கொடுத்தேன். குழந்தை மறந்துவிட்டது என்று நிம்மதி வேறு.

பாட்டு ஓடியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பொங்கலன்று அங்கே இருந்தவர்கள்தானே. சுற்றுக்குச் சுற்று, என் பையன் நாற்காலிக்கு நேரே வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து பொத்தானை அழுத்தினாள். கடைசி நாற்காலியும் அவனுக்கே போனது. அவன் அதன்மேல் ஏறிக் குதித்தான்.

அவள் என்னிடம் வந்து முகத்தை நிமிர்த்தினாள். மூக்கு நுனியில் சுண்ணாம்பு இல்லை. அதிகாரிகளைக் கண்டால் செயலாளர் சிரிப்பாரே, அதே சிரிப்பைப் பால் பல்லில் சிரித்தாள்.

"உங்க பையனை ஜெயிக்க வெச்சேன் ஆன்ட்டி. நல்லா நிறுத்தினேனா?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் ஏது? நல்லா நிறுத்தினே என்றேன்.